நாலு ஸ்பேஸ்

என் மனைவிக்குப் பார்வை முழுவதுமாகப் போய் இரண்டாவது வருடம், ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளப்போவதாக அவள் சொன்னாள். நான் அவள் தட்டில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன். உண்மையில் அவள் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. சட்னி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வதில்தான் என் கவனம் இருந்தது.

நான் பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன். அவள் காரமடைக்காரி. தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே ஒரு கம்பெனியில் கடிதங்கள் டைப் செய்யும் வேலையில் இருந்தாள். முதலில் மாலை மங்கினால் அவளுக்குப் படி தெரியாமல் போனது. பிறகு பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியவில்லை. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், நிறுத்த முடியாது என்று டாக்டர் சொன்னார். வேலையை அவளே விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டேன். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை மட்டும் நோய்க் கணக்கில் போட்டுவிட்டேன்.

போனில் அவள் கேட்டு வந்த வகுப்பு பார்வையற்றவர்களுக்கானது. நடத்துகிறவருக்கும் பார்வை கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அதில் பாதி வேலையை எழுத்தாலேயே முடித்துவிடலாம், மவுஸைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்த பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் கோயமுத்தூர் போனேன். கோட்டைமேட்டில் லேப்டாப் சரிசெய்கிற பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொல்லி, எல்லாவற்றையும் போட்டுத் தயாராகக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“நான் போட்டுத் தாரேன், அது பெரிய காரியமில்லீங்க. ஆனா இந்த லினக்ஸ் ஏத்தறப்பவே திரையில இருக்கறதைப் படிச்சுப் பேசும். ஊட்டுல அவங்களே போட்டுக்கட்டுமே. நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும்.”

அதில் இருந்த படங்களை மட்டும் எனக்கு வேறொரு பென்டிரைவில் எடுத்துத் தந்தார். லினக்ஸ் இருந்த பென்டிரைவைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

எனக்கு லீவு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் முதல் திரை பேசாது. அதை மட்டும் நான் பார்த்து அழுத்தினேன். பிறகு வகுப்பில் சொல்லியிருந்தபடி அவள் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். “ஸ்கிரீன் ரீடர் ஆன்” என்று ஒரு தட்டைக் குரல் வந்தது. அவள் தலை சட்டென்று லேப்டாப் பக்கம் திரும்பியது. யாராவது வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் திரும்புவாளே, அப்படி.

அந்தக் குரல் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தது. எந்த மொழி, எந்த விசைப்பலகை, எந்த ஊர் நேரம். அவள் டேப் விசையைத் தட்டித் தட்டிக் கேட்டு, வேண்டிய இடத்தில் என்டர் தட்டினாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்ற இடத்தில்தான் நின்றாள்.

“படமெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்களா?”

கல்யாணப் படங்களைத்தான் கேட்டாள். பாய் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றேன். நீங்கள் திறந்து பார்த்தீர்களா, தெளிவாக இருக்கிறதா என்று மறுபடி கேட்டாள். பார்த்தேன் என்றேன். “அப்பச் சரிங்க” என்று என்டர் தட்டினாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

லினக்ஸ் ஏறிய பிறகு புரோகிராம் எழுதுவதற்கான கருவிகளை இறக்க வேண்டியிருந்தது. அதற்கு டெர்மினல் என்ற கருப்புத் திரையில் கட்டளைகளை அடிக்க வேண்டும். அதையாவது நான் அடிக்கிறேனே என்று லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் வகுப்பில் கேட்டதைச் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. புள்ளிகூட விழவில்லை. மறுபடி அடித்தேன். தப்பு என்று வந்தது.

கீபோர்டு போயிடுச்சு அம்மணி, பழைய லேப்டாப் இல்லையா என்றேன். நாளைக்கே கோயமுத்தூர் போவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

“அது அப்படித்தானுங்க, அடிக்கறது தெரியாது. எனக்கு எப்பவும் அப்படித்தானே? இப்படி நகருங்க.”

நகர்ந்தேன். அவள் ஆள்காட்டி விரல்கள் இரண்டும் விசைகளைத் தடவி, எஃப் மேலும் ஜே மேலும் இருக்கும் சிறு மேடுகளைக் கண்டுபிடித்து நின்றன. பிறகு பத்து விரல்களும் விழுந்தன. இரண்டு வருடமாகச் சுவரையும் கதவையும் என் தோளையும் தடவிக்கொண்டிருந்த கைகள் அவை. அத்தனை வேகத்தில் அவை போய் நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. திரையில் வரிகள் மளமளவென்று ஓட, குரல் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் படிக்கத் தொடங்கியது. அவள் கன்ட்ரோல் விசையைத் தட்டி அதன் வாயை அடைத்தாள்.

மத்தியானத்துக்குள் பைத்தான் என்ற புரோகிராம் மொழியும் அதை எழுதுவதற்கான எடிட்டரும் தயாராகிவிட்டன. முதல் புரோகிராமில் தன் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டாள். அந்தக் குரல் காரமடையை ‘கராமடாய்’ என்றது. திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த வாரம்தான் நான் தப்புச் செய்தேன்.

காலை ஷிஃப்ட் முடித்து வந்தபோது அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் திறந்திருந்தது, திரையில் ஏதோ பிழை என்று நின்றிருந்தது. பைத்தானில் சில வரிகள் உள்ளே தள்ளி நாலு ஸ்பேஸ் விட்டுத் தொடங்க வேண்டும் என்று அவள் முந்தைய நாளே சொல்லியிருந்தாள். ஒரு வரியில் மூன்றுதான் இருந்தது. கண்ணால் பார்க்கிறவனுக்கு அது ஒரு நொடி வேலை. ஒரு ஸ்பேஸ் தட்டினேன், ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. படியிறங்கி வந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். காலையிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு கோபமில்லாத குரலில் பேசினாள்.

“இட்டிலியப் பிட்டு வெக்கறீங்க, சரி. செருப்பை எடுத்துக் காலுக்கு நேராப் போடறீங்க, அதுவும் சரி. இதையும் நீங்களே செஞ்சுபோட்டீங்கன்னா எனக்குன்னு என்னங்க இருக்குது?”

நான் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு ஸ்பேஸை அழித்தேன். மறுபடியும் மூணுதான் இருக்குது கண்ணு என்றேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. தப்பை இத்தனை பத்திரமாகத் திருப்பி வைத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். வகுப்பு நடத்துகிறவரைப் போனில் பிடித்துக் கேட்டாள். குரல் வரியைப் படிக்கும் முன் எத்தனை ஸ்பேஸ் என்று சொல்லவைக்க ஒரு அமைப்பு இருக்கிறதாம், தேடிப் பிடித்து அதை இயக்கினாள். அந்த வரிக்கு “ஃபோர் ஸ்பேசஸ்” என்று குரல் சொன்னபோது நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததால்தான் வெங்காயம்.

மறுநாள் இட்லியை முழுசாகத் தட்டில் வைத்தேன். ஒரு துண்டு சட்னியோடு அவள் புடவையில் விழுந்தது. அவளே துடைத்துக்கொண்டாள். நான் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். காரமடைத் தேருக்குப் போகலாமா என்று கேட்டாள். போனோம். கூட்டத்தில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நான் அவளைப் பிடிக்கவில்லை.

அவள் எழுதிய உருப்படியான முதல் புரோகிராம் எனக்காக. மில்லிலிருந்து வரும் ஷிஃப்ட் பட்டியலைப் படித்து, இந்த வாரம் எனக்கு எந்த ஷிஃப்ட், எந்த நாள் லீவு என்று அது சொல்லும். அதற்கு முன்பு நான் தேதி மறந்து இரண்டு முறை தப்பான ஷிஃப்ட்டுக்குப் போய் நின்றிருக்கிறேன். அதை அவளிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. எனக்கு நினைவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து கோயமுத்தூரில் ஒரு சிறு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவர்கள் செய்யும் இணையதளங்கள் பார்வையற்றவர்களுக்குச் சரியாகப் படிக்க வருகின்றனவா என்று சோதித்து, அதற்கான புரோகிராம்களும் எழுத வேண்டும். வீட்டிலிருந்தே செய்கிறாள். வேலை நேரத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நேற்று லீவில் இருந்த நான் டீ கொண்டுபோய் வாசலில் நின்றேன். உள்ளே அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பழகப் பழக அவள் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்விட்டாள். எனக்கு ஒரு சொல்கூடப் பிரிந்து கேட்கவில்லை. அவள் நடுநடுவே “உம்” என்று சொல்லிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். டீ ஆறிவிடுமே என்று கதவைத் தட்டினேன். “வாரேனுங்க, ரெண்டு நிமிசம்” என்றாள். நான் அங்கேயே நின்றேன்.