ஸ்டேஷனில் நான் பிடுங்கிய ஃபோன்

போன வருடம் கார்த்திகை மாதம், மயிலாப்பூரில் ஒரு சாயங்காலம். மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் என் லேடீஸ் டெய்லர் கடை வாசலிலேயே அது நடந்தது. ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுப் படி இறங்கிய ஒரு டீச்சரம்மாவின் தாலிச் சங்கிலியை, பைக்கில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு பறந்துவிட்டான்!

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பட்டன் காஜா எடுக்கும் ஆளாக ஆரம்பித்து, இன்று சொந்தக் கடை, ஆறு மெஷின். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தும் அடையாற்றிலிருந்தும் காரில் வந்து என்னிடம் தைக்கிறார்கள் என்றால் சும்மாவா? அந்தச் சந்திலேயே முதலில் கேமரா வைத்தவனும் நான்தான். பதிவானதையெல்லாம் என் ஃபோனிலேயே பார்க்கலாம்.

அதனால் மறுநாள் காலை டீச்சரம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனபோது என் நடையே மாறியிருந்தது. திருடன் என் சட்டைப் பையில்! ஏட்டு சொன்னார்: "பெர்சு, ஃபோனை வச்சுட்டுப் போ. ரெண்டு நாள் எங்ககிட்ட இருக்கட்டும். லாக் இன்னான்னு எழுதிக் குடு."

போலீஸே நம்மிடம் உதவி கேட்கிறதே என்ற பூரிப்பில், லாக் நம்பரைச் சீட்டில் எழுதி ஃபோனோடு நீட்டிவிட்டேன்.

ஏட்டு கேமரா பதிவைத் தேடப்போய், படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்துவிட்டார். அங்கே என்ன இருந்தது தெரியுமா? ரவிக்கையைப் போட்டுப் பார்க்கும்போது முதுகில் எங்கே சுருங்குகிறது, தோள் எங்கே இறங்குகிறது என்று எனக்குக் காட்ட என் மனைவி எடுத்த படங்கள். வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்து அனுப்பிய படங்கள். அளவுச் சீட்டுகள். நானூறு பெண்களாவது இருப்பார்கள்.

எங்கள் தொழிலில் ஒருவர் அளவை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. "மருமக இடுப்பு எவ்ளோ ஏறியிருக்கு மாஸ்டர்?" என்று மாமியார்கள் நைசாகத் தூண்டில் போடுவார்கள். "அந்த நோட்டு எங்கியோ மாட்டிக்கிச்சும்மா" என்று முப்பது வருடமாகச் சமாளித்து வருகிறேன். அப்படிப்பட்ட நான், எல்லோரையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்திருந்தேன்!

ஏட்டின் கட்டைவிரல் படங்களைத் தள்ளிக்கொண்டே போனது. திடீரென்று டீச்சரம்மாவின் படம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அதைப் பார்த்துவிட்டார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்தார்.

"சங்கிலி போனா போகட்டும் மாஸ்டர். கேஸே வேண்டாம். வாங்க, போகலாம்."

எட்டுப் பவுன் தாலிச் சங்கிலி! அதுவே வேண்டாம் என்கிறார். எனக்குச் சுரீரென்றது. மேஜைக்கு மேலே எக்கி, ஏட்டு கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கிவிட்டேன். ஸ்டேஷனுக்குள்ளே, போலீஸ் கையிலிருந்து!

"யோவ்! வயசானவன்னு பார்த்தா கையில இருந்தே புடுங்குற? உள்ள அப்படி இன்னா கீது?" என்று ஏட்டு எகிறினார். சத்தம் கேட்டுப் பெண் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"மறைக்க ஒண்ணும் இல்லேன்னா குடுக்க வேண்டியதுதானே மாஸ்டர்?"

"என்னுது எது வேணும்னாலும் பாருங்க மேடம். பேங்க் புக்கைக்கூடக் கொண்டாறேன். ஆனா இது நானூறு பொம்பளைங்க என்னை நம்பிக் குடுத்தது. உங்களுக்கு வேண்டியது நேத்து சாயங்காலம் ஒரு அரை மணி நேரம். அதை நானே எடுத்துத் தரேன். மீதியைக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

என் குரல் கணீரென்று வந்தது. இன்ஸ்பெக்டர், முந்தானையைப் பிடித்தபடி நின்ற டீச்சரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, அரை மணி நேரம். அதுல ஆள் தெரியலேன்னா எழுத்துல கேட்டு வருவேன்."

"எழுதிக் கொண்டாங்க மேடம். எழுதினதைத் தரேன்."

ஒரு பெண் காவலர் என் கண் முன்னாலேயே அந்தப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டார். பைக் நம்பர் பளிச்சென்று விழுந்திருந்தது! நாலாம் நாள் தேனாம்பேட்டையில் ஆள் சிக்கினான். சங்கிலியும் கிடைத்தது, தாலியோடு கோத்திருந்த தங்கக் குண்டுமணியில் இரண்டு மட்டும் குறைவாக.

அப்புறம் சந்து முழுக்க என் கதைதான். நான் சொல்லச் சொல்ல ஏட்டு உயரமாகிக்கொண்டே போனார். ஒரு நாள் டீச்சரம்மா வந்தார். நன்றி சொன்னார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

"மாஸ்டர், அது போன பொங்கலுக்குத் தைச்ச ரவிக்கை. அந்தப் படம் இன்னும் ஏன் உங்க ஃபோன்ல இருந்துது?"

ஃபோனை எடுத்து அந்தப் படத்தைத் தேடினேன். அவர் எதிரிலேயே அதை அழித்தேன். அன்று மதியம் மெஷினை நிறுத்திவிட்டு, மற்றதையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

ஃபோனைப் பிடுங்கிய கதையை இன்றும் சத்தமாகத்தான் சொல்கிறேன். டீச்சரம்மா கேட்ட அந்தக் கேள்வி வரும்போது மட்டும் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.