மூன்று முறை கேட்கும் ஊரில் எழுந்து நின்றவர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களுக்கு வணக்கம். வாங்க மறுத்துக் கதவைச் சாத்தப் போகிறவர்களுக்கும் வணக்கம். உங்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

பேரிகைக்குப் பக்கத்தில், இதே ஊரில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். தக்காளியும் கோஸும் பயிர் வைத்து அம்மாதான் எங்கள் இருவரையும் ஆளாக்கினார். மற்றவர்கள் ஐ.டி.ஐ. முடித்து ஓசூர் கம்பெனிகளுக்குப் போனபோது, அண்ணன் அரசியல் அறிவியல் எடுத்தார். "அதப் படிச்சு எம்.எல்.ஏ. ஆவப் போறியா?" என்று ஊரே கேலி பேசியது. அவர் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார்.

சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தப் பாடம்தான். அரசு என்று ஒன்று இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாவார்கள், அந்தப் பயத்தில்தான் தங்கள் சுதந்திரத்தை ஒரு பலசாலியிடம் ஒப்படைத்தார்கள் என்றாராம் ஒரு வெள்ளைக்கார அறிஞர். இன்னொருவரோ, காப்பாற்றத் தவறினால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றாராம்.

"வாங்கப் போனா குடுப்பாங்களா சாமி?" என்று அம்மா கேட்பார். அண்ணன் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிவைச் சொன்னதும் ஊர்ப் பெரியவர், "யாருக்காச்சும் மறுப்பு இருக்குதா?" என்று மூன்று முறை கேட்பார். வாய் திறக்காதவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்கள். அதுவரை யாரும் பதில் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு கம்பெனி வந்தது. கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருகிறோம், கழிவுநீரை ஏரியில் விட்டுக்கொள்கிறோம் என்றது. பெரியவர் மூன்றாவது முறை கேட்டபோது அண்ணன் எழுந்தார்.

"எனக்கு மறுப்பு இருக்குதுங்க. நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் ஏரி சொந்தம். அதுங்கள யாரு கேட்டீங்க?"

"ஊரே ஒண்ணா இருக்கறப்ப நீ மட்டும் தனியா?" என்றார் பெரியவர்.

"நானும் ஊர்தானுங்களே."

அடுத்த கூட்டத்தில் எங்கள் வீட்டைத் தள்ளிவைத்தார்கள். பேசக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, மீறுகிறவர்களையும் தள்ளிவைப்பார்கள். அதையும் மூன்று முறை கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாரியம்மன் பண்டிகையில் அம்மாவின் மாவிளக்குத் தட்டைக் கோயிலுக்குள் வாங்கவில்லை. விளக்கு எரிந்து அணையும்வரை அம்மா வீதியில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தார். அண்ணனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களும் சேதி தெரிந்து திரும்பிப் போனார்கள்.

நான் ஓசூரில் வாழ்க்கைப்பட்டவள். "இங்கயே வந்துருண்ணா" என்று கெஞ்சாத நாளில்லை.

"புடிக்காதவன் கெளம்பிப் போலாம், இருக்கறவன் எல்லாம் சம்மதிச்சவன்னு ஒரு வாதம் இருக்குது பாப்பா. நான் போனா அது நெசமாயிடும்."

"உன் புஸ்தகத்தத் தூக்கி அடுப்புல போடு!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஒரு காலை, கல்லூரிக்குக் கிளம்பும்போது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சாய்ந்தார். அம்மா வீதியில் இறங்கி அலறினார். கதவைத் திறந்து பார்த்தவர்கள் மறுபடி சாத்திக்கொண்டார்கள். ஊர்க்கோடி லைன் வீடுகளில் குடியிருந்த தெற்கத்திப் பிள்ளைகள், நைட் ஷிப்டு முடிந்து வேனில் வந்து இறங்கியவர்கள், சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். "எல்லாரும் பாத்துட்டு நிக்காங்களே! ஏலே, வேனத் திருப்பச் சொல்லு!" என்று ஒருவர் கத்தியதை அம்மா இன்றும் சொல்லி அழுகிறார். அதே வேனில் ஏற்றினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஊர்ச் சுடுகாட்டிலும் இடமில்லை என்றார்கள். ஓசூரில்தான் தகனம் செய்தோம். என் வீட்டுக்காரரும் அந்தப் பிள்ளைகளும் பாடை தூக்கினார்கள். உயிருக்குப் பயந்து மனிதர்கள் அரசை உண்டாக்கினார்களாம். இங்கே அந்தப் பயம்தான் ஓர் உயிரைக் காப்பாற்ற விடவில்லை.

பிறகு ஒருநாள் பேரிகைச் சந்தையில் எதிர்வீட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கதவ ஏன் சாத்துனீங்க பெரிம்மா?"

"போவக்கூடாதுன்னு அன்னிக்கு யாரும் சொல்லல கண்ணு. யாரும் ஒண்ணுமே சொல்லல."

நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணனைத் தூக்கி வந்த பிள்ளைகளுக்கும், வேன் ஓட்டுநருக்கும், ஓசூருக்கு வந்து நின்று அழுத மாணவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். உங்கள் வீட்டில் ஒரு குறையும் வரக்கூடாது.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். வரும் பண்டிகைக்கும் மாவிளக்கு எடுப்பார். அதற்கு முன்பு கூட்டம் கூடும். இந்த வீட்டை இன்னும் தள்ளியே வைக்கலாமா, யாருக்காவது மறுப்பு இருக்கிறதா என்று பெரியவர் மூன்று முறை கேட்பார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கூட்டத்தில் இடமில்லை, என்னால் எழுந்து நிற்க முடியாது. இதுவரை நம் ஊரில் எழுந்து நின்றவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் இந்த மலர்.