காசிம் ராவுத்தர் கேட்ட கேள்வி

அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். அச்சுக் கோர்ப்பவர் தெருவிலிருந்து உள்ளே வந்து, "படம் போடுற ராவுத்தர் காலையில மவுத்தாயிட்டாராம்" என்று சொல்லிவிட்டுத் தம் எழுத்துப் பெட்டி அருகே போய் நின்றார். பெரிய கடை வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தது.

காசிம் ராவுத்தரைத் திருச்சியில் அறியாதவர் இல்லை என்று எழுதினால் அது பொய். அவர் கையைத்தான் எல்லோரும் அறிவார்கள். உறையூர்ச் சுருட்டுப் பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் மீசைக்காரர், நாடக நோட்டீசில் வாளோடு நிற்கும் ராணி, ஸ்ரீரங்கத்துக் கூடங்களில் மாலையோடு தொங்கும் காலஞ்சென்ற பெரியவர்கள், எங்கள் சிறு பத்திரிகையின் அட்டை, எல்லாம் அவர் போட்டவை. எந்த முதலாளியிடமும் அவர் சம்பளத்துக்கு இருந்ததில்லை. படம் வேண்டியவர்கள் அந்தச் சந்துக்குள் போய், அவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும்.

கேட்டவுடன் பென்சிலை எடுக்க மாட்டார். "யார் பார்க்கப் போறாங்க?" என்பார். அதற்குப் பதில் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. பிறகு பென்சிலில் ஒரு படம் போட்டுவிட்டு கேட்டவரைக் கூப்பிட்டனுப்புவார். அதை எப்படி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிப்பார். மை தொட்ட பிறகு ஒரு கோடும் நகராது. மீசை இன்னும் பெரிதாக வேண்டும் என்று முடிந்த படத்தோடு திரும்பி வந்த சுருட்டுக் கம்பெனிக்காரரிடம், "பென்சில்ல சண்டை போடுங்க முதலாளி, நானும் போடுறேன். மையில வேணாம்" என்றார். முதலாளி எவ்வளவோ கத்திப் பார்த்தார். மீசை அந்த அளவிலேயே இன்றும் விற்பனையாகிறது.

ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் தம் தகப்பனாரின் படத்துக்குச் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். தகப்பனார் ஒரு நாளும் போடாத வைரக் கடுக்கனைக் காதில் போட்டுவிட வேண்டுமாம். ராவுத்தர் பென்சிலைச் சீவிக்கொண்டே, "உங்க கட்சிக்காரங்க பார்க்கிறதுக்குன்னா போட்டுடலாங்க. உங்க அம்மா பார்க்கிறதுக்குன்னா வேணாம்" என்றார். படம் கடுக்கன் இல்லாமல்தான் போயிற்று.

இதெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். மாரிமுத்துவின் படத்துக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மாரிமுத்து காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வெங்காய மண்டியில் உளுத்த பலகை ஒன்று முறிந்து, தலையில் இருந்த மூட்டையோடு விழுந்து செத்தார். கால் தவறி விழுந்துவிட்டான் என்றார் மண்டிக்காரர். மறுநாள் வேறு பலகை போட்டார்கள். வேறு ஆள் ஏறினான். அவ்வளவுதான் இந்த ஊரில் ஒரு உயிருக்கு நடக்கிற காரியம். மார்க்கெட் ஆட்கள் இரங்கல் கூட்டம் போடத் தீர்மானித்து, மேடையில் வைக்க ஆளுயரப் படம் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். போட்டோ கிடையாது. பிறந்ததிலிருந்து சாகும்வரை மாரிமுத்துவை யாரும் படம் பிடிக்கவில்லை.

ராவுத்தரிடம் அழைத்துப் போனேன். வழக்கமான கேள்வி வந்தது. ஊரே பார்க்க வேண்டும், மண்டிக்காரர்கள் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கூட வந்தவர்களிடம் மாரிமுத்து எப்படி இருப்பார் என்று விசாரித்தார். குட்டையான ஆள், கழுத்தே கிடையாது, நெற்றியெல்லாம் சுருக்கம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மூக்கைப் பற்றிக் கேட்டபோது, மாரிமுத்துவுக்குப் பின்னாலேயே பல வருஷம் மூட்டை சுமந்த கருப்பையா, "மூக்கை எங்க பாய் பார்த்தேன்? மூட்டையை இல்ல பார்த்தேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை.

பென்சில் படம் தயாரானது. குனிந்த தலை, அதன்மேல் மூட்டை, புடைத்த நரம்பு. அச்சு அசல் அவன்தான் என்று அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள். நான் கேட்டதும் அதுதான். மை தொடலாம் என்றேன். ராவுத்தர், "சம்சாரம் பார்க்கட்டும்" என்றார்.

அஞ்சலை வந்தாள். வெகு நேரம் பார்த்தாள். "இது யாருங்க?" என்று கேட்டாள்.

கருப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் கூட நின்றவர்களுக்குத் தெரியாதா என்றான். அவள் ராவுத்தரைப் பார்த்து, "அவரு குட்டை இல்லைங்க. என் தலை அவரு தோளுக்குத்தாங்க வரும்" என்றாள்.

ராவுத்தர் எழுந்து அவளை வாசல் நிலையோடு ஒட்டி நிற்கச் சொன்னார். அவள் தலைக்கு நேராக நிலையில் ஒரு பென்சில் கோடு போட்டார். அது தோள். அதற்கு மேலே கழுத்துக்கும் முகத்துக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று கையால் அளந்து காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் வேறு காகிதத்தில் வரைய ஆரம்பித்தார். அதில் மூட்டை இல்லை.

நான் சண்டை போட்டேன். சுமையை எடுத்துவிட்டால் படத்தில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பென்சில் நிற்கவில்லை. "சுமை மண்டிக்காரரோடது தம்பி. அதை ஏன் இவர் தலையில நிரந்தரமா வைக்கணுங்கிறீங்க?" என்றார்.

அது யுத்த காலம். துணிக்கு ரேஷன். காலிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, வஜ்ஜிரப் பசையும் சுண்ணாம்பும் காய்ச்சிப் பூசி, அதன்மேல் தீட்டினார். கூட்டத்தன்று மார்க்கெட் ஓரத்து மைதானத்தில் அதைச் சுருட்டி மேலே கட்டி அவிழ்த்துவிட்டார்கள். நிமிர்ந்து நிற்கிற ஒரு நெட்டை மனிதர். தலைச் சும்மாட்டுத் துணி தோளில் கிடந்தது. சுருக்கமில்லாத நெற்றி. நேராகப் பார்க்கும் கண்.

கருப்பையா படத்துக்குக் கீழே போய் அண்ணாந்து நின்றான். "இவ்வளவு உயரமாவா இருந்தான் இவன்?" என்றான். கேட்டது யாரிடம் என்று தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எந்த மண்டிக்காரரும் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நான் எழுதி எடுத்துப்போயிருந்த ஆவேசப் பிரசங்கம் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.

ராவுத்தரை அறிந்த நண்பர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: இப்போதெல்லாம் ஒரு உழைப்பாளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவனைச் சுமையில்லாமல் பார்த்தவர் யார் என்று முதலில் விசாரிக்கிறேன். என் கோபம் குறைந்துவிடவில்லை. அது இன்னும் நன்றாக இலக்குப் பார்க்கிறது.

ஜனாஸா போன பிறகு அந்த அறை வாசலில் நின்றிருந்தேன். நிலையில் அஞ்சலைக்காகப் போட்ட கோடு அழியாமல் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ராவுத்தர் என்றாலே எனக்கு வரைபலகைமேல் குனிந்த கோலம்தான் நினைவுக்கு வருகிறது; அவர் எழுந்து நின்ற அன்றும் நான் அவர் உயரத்தைப் பார்க்கவில்லை. அவர் மகனிடம், நிமிர்ந்து நின்றால் அத்தா எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

மகன் அந்தக் கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தி, நிலையின் மேல்கட்டையில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்த ஓரிடத்தைத் தொட்டார்.

"இங்க தலையை இடிச்சுக்குவாங்க" என்றார். "வரும்போதெல்லாம்."