ஒட்டிக்கொண்ட மஞ்சள் இதழ்

கடுகுக் குடும்பத்தைப் பாடம் எடுக்கும்போதெல்லாம் மதுரை வெயில் எனக்கு ஒத்துழைக்காது. புத்தகத்தில் படம் போட்டிருக்கும் காட்டுக் கடுகுகள் எல்லாம் குளிர் தேசத்துக்காரர்கள். நம் ஊர்க் காலி மனைகளில் தானாக முளைப்பவை கடுகின் பங்காளிகள்தாம். வெள்ளைப் பூ பூக்கிற நல்வேளை ஒன்று, மஞ்சள் பூ பூக்கிற நாய்க்கடுகு இன்னொன்று. முன்பு தாவரவியல்காரர்கள் இவற்றை வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிறகு கடுகுக்கு அடுத்த வீட்டில் குடியேற்றிவிட்டார்கள். இவற்றுக்கும் இதழ் நான்கு, காய் நீளம், உள்ளே கடுகு மாதிரியே விதை. கடுகின் காயைப் பிளந்தால் நடுவில் மெல்லிய சுவர் இருக்கும், இவற்றில் இருக்காது. அம்புட்டுத்தான் பங்காளிச் சண்டை.

நல்வேளையையும் நாய்க்கடுகையும் பிரித்துச் சொல்லச் சொன்னால் மாணவிகள் உடனே நிறத்தைச் சொல்வார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இந்தப் பூக்கள் மதியத்துக்குள் வாடிவிடும், இதழ் கொட்டிவிடும், அப்புறம் எந்த நிறத்தைப் பார்ப்பாய் என்று கேட்பேன். காயைப் பார்க்க வேண்டும். நாய்க்கடுகில் இதழ் உதிர்ந்த இடத்திலேயே காய் உட்கார்ந்திருக்கும். நல்வேளையில் அந்த இடத்திலிருந்து நீளமாக ஒரு காம்பு கிளம்பி, அதன் நுனியில் காய் நிற்கும். இதை நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். ஒரு மார்க் கூடுதலாகப் போடாத ஆள் என்று எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்களுடையது மிஷன் கல்லூரி. போன வருஷம் அரியர் வைத்திருந்தவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடந்தது. ஆறு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கு அது கடைசி வாய்ப்பு. இரண்டு பிள்ளைகளின் தாய், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்க்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன் இதே தேர்வில் ஒரு மார்க்கில் அவளைப் பெயிலாக்கியவள் நான்தான்.

காலையில் மாடிப்படியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இது மட்டுந்தான் மேடம் பாக்கி. டிகிரி கைக்கு வந்துட்டா ஒரு ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட் வேலை தாரேன்னு சொல்லியிருக்காங்க."

சிபாரிசுக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்தேன். "போய் எழுதும்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

செய்முறைத் தேர்வில் 'ஸ்பாட்டர்' என்று ஒரு பகுதி உண்டு. மேசைமேல் ஐந்து செடிகளை வரிசையாக வைத்து எண் ஒட்டிவிடுவோம். மணி அடிக்க அடிக்க மாணவிகள் அடுத்த செடிக்கு நகர வேண்டும். செடியின் பெயரையும், எதை வைத்துக் கண்டுபிடித்தோம் என்பதையும் எழுத வேண்டும். செடிகளை நான்தான் கொண்டுபோவேன். அன்று விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காலி மனையில் ஸ்கூட்டரை நிறுத்தி, நல்வேளை, நாய்க்கடுகு இரண்டையும் வேரோடு பிடுங்கினேன். நேரமாகிவிட்டது என்று ஒரே கேரி பேக்கில் திணித்தேன். மதியம் பையைப் பிரித்தபோது எல்லாம் துவண்டு கிடந்தன. மஞ்சள் தெரிந்த ஒரு செடியை எடுத்து வைத்து மூன்றாம் எண்ணை ஒட்டினேன். விடைக்குறிப்பில் 'நாய்க்கடுகு' என்று எழுதினேன்.

தேர்வு முடிந்து தாள்களைத் திருத்த உட்கார்ந்தோம். வெளித்தேர்வாளராக வந்தவர் வேறொரு கல்லூரிக்காரர், சாந்தமான மனிதர். மூன்றாவது கேள்விக்கு ஐந்து பேர் நாய்க்கடுகு என்று எழுதியிருந்தார்கள். பூக்கடைக்காரி மட்டும் 'நாய்க்கடுகு' என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே 'நல்வேளை' என்று எழுதியிருந்தாள். பெயரே தப்பு, காரணத்தை எதற்குப் படிக்க வேண்டும்? ஒரே இழுப்பாக இழுத்து முட்டை போட்டேன். கூட்டிப் பார்த்தால் தேறுவதற்கு மறுபடியும் ஒரு மார்க் குறைந்தது.

வெளித்தேர்வாளர் தயங்கிக் கேட்டார். "கடைசிச் சான்ஸ்னு சொல்றாங்க. எங்கேயாச்சும் ஒரு மார்க் பார்க்கலாமா மேடம்?"

"இரக்கத்துக்கெல்லாம் பாட்டனியில இடம் இல்ல சார்" என்றேன். சொல்லும்போது திருப்தியாகக்கூட இருந்தது.

மதிப்பெண் பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதை உறையில் போட்டு அவர் ஒட்டிக்கொண்டிருந்தார், அரக்கு உருக்க மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நான் மேசையைச் சுத்தம் செய்யப் போனேன். மூன்றாம் எண் செடியைக் குப்பைக் கூடையில் போடத் தூக்கியபோது மஞ்சள் இதழ் ஒன்று என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த இரண்டு செடிகளின் தண்டும் பிசுபிசுப்பு, எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும். அந்த இதழ் பூவிலிருந்து வரவில்லை, தண்டிலிருந்து வந்தது. காயைப் பார்த்தேன். இதழ் உதிர்ந்த தழும்பிலிருந்து நீளமாக ஒரு காம்பு கிளம்பி, அதன் நுனியில் காய் நின்றது. பையில் கூடக் கிடந்த நாய்க்கடுகின் பூவைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு வந்திருந்த சுத்தமான நல்வேளை.

விடைத்தாளை எடுத்து, படிக்காமல் விட்ட காரணத்தைப் படித்தேன். 'காய் நீண்ட காம்பின் நுனியில் நிற்கிறது. மஞ்சள் இதழ் தண்டில் ஒட்டியிருக்கிறது, பூவில் இல்லை' என்று எழுதியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை அந்த அறையில் செய்தது அவள் ஒருத்திதான்.

"அரக்கு வைக்காதீங்க சார்" என்றேன்.

"என்ன மேடம், இரக்கமா?" என்று சிரித்தார்.

"இல்ல சார், காம்பு."

செடியை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. உறையைக் கிழித்துப் புதுப் பட்டியல் எழுதினோம். அவளுக்கு இரண்டு மார்க், தேறிவிட்டாள். நம் தப்புக்கு மற்ற ஐந்து பேரைத் தண்டிக்க வேண்டாம் என்று அவர் சொன்னார், அதற்கும் தலையாட்டினேன். பெயருக்கு எதிரே மார்க்கை எழுதும்போது வெட்கத்தில் என் காது சுட்டது.

சாயங்காலம் கேட் அருகே அவள் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். முடிவைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. ஆனால் தப்பைச் சொல்வதை யாரும் தடுக்கவில்லை.

"மூணாவது ஸ்பாட்டர நான்தாம்மா தப்பா வச்சுட்டேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் மேடம். எங்க கடையில எல்லாப் பூவும் எல்லாத்துலயும் ஒட்டித்தான் கெடக்கும். எதுல எது ஒட்டியிருக்குன்னு பாத்துப் பாத்துப் பழகிருச்சு."

"அப்புறம் ஏன் முதல்ல நாய்க்கடுகுன்னு எழுதி அடிச்ச?"

"நீங்க வச்சது தப்பா இருக்கும்னு நெனைக்கவே பயமா இருந்துச்சு மேடம்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"போன தடவையும் இப்பிடித்தான் ஒண்ணு இருந்துச்சு மேடம். அப்பவும் கண்ணுல பட்டதத்தான் எழுதுனேன். வாரேன்."

"என்ன செடி அது?" என்று கத்தினேன்.

"பேரு மறந்துபோச்சு மேடம்" என்றாள், பஸ் நகர்ந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேர்வின் விடைத்தாள்களை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அன்றைக்கு மேசையில் நான் என்ன வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.