புதுப் பாலத்தில் இறங்கி நடந்தவர்கள்

இதை வாசிகசாலைப் பலகையில் ஒட்டலாமா என்று யோசித்து யோசித்தே ஒட்டுகிறேன்.

இன்று காலை பன்விலையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸை, புது இரும்புப் பாலத்தருகே கண்டக்டர் தட்டி நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். பழைய பலகைப் பாலம் பாரம் தாங்காதென்று இத்தனை வருடமும் இறங்கி நடந்த பழக்கம்! கண்டக்டரும் இறங்கி, பஸ்ஸைத் தட்டி அனுப்பினார்.

முன்பெல்லாம் பஸ் அக்கரையில் காத்திருக்கும். இன்றைய டிரைவர் மடவளைக்காரர், வேலைக்குப் புதியவர். அந்த வழக்கம் தெரியாமல், நிற்காமல் போய்விட்டார்.

பின்சீட்டில், பிரசவ வலியில் நடக்க முடியாத ஒரு தோட்டத்துப் பெண் படுத்திருந்தாள்.

"ஐயோ, எம் பொஞ்சாதி!" என்று, பழக்கத்தில் எங்களோடு இறங்கிவிட்ட அவள் கணவன் ஓடினான். நாங்களும் ஓடினோம்.

சந்திக் கடையில் டிரைவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கணவனின் முதல் குத்தில் கோப்பையும் டிரைவரின் ஒரு பல்லும் உடைந்தன.

"உள்ளுக்கு ஆள் ஈக்கிறது எனக்குத் தெரியுமா?" என்று கத்திய டிரைவர், பஸ்ஸை முடுக்கும் இரும்புக் கம்பியால் கணவனின் நெற்றியைப் பிளந்தார். கணவன் அவர் கழுத்தைப் பிடித்து நெரித்தான்.

"அடிக்காதீர்கள்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

பஸ்ஸுக்குள்ளிருந்து அவள் அலறினாள்: "யோவ், அந்தாளக் கொன்னுட்டா வண்டிய நீயா ஓட்டுவ? ஆஸ்பத்திரிக்குப் போங்கய்யா!"

இருவரும் இரத்தம் வழிய ஏறினார்கள். டிரைவரின் வாயைக் கணவன் தன் தலைத்துண்டால் துடைத்துவிட, எங்களை மறுபடியும் தெருவில் விட்டு பஸ் பறந்தது.

பெண் குழந்தையாம். தாயும் சுகம் என்று கண்டக்டர் சொன்னார்.

மாலையில் திரும்பும்போது பாலத்தருகே நான் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கினேன். வேறு யாரும் உண்டா? கீழே பென்சிலில் எழுதுங்கள்.