அக்கா வேலைக்கு வராத நாள்

விடிய நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போகிறவனுக்கு, பின்னேரம் மூன்று மணிக் கூட்டம் பாதிக் கனவிலேதான் நடக்கும். பேர்ண் நகரில் அன்று நல்ல மூடுபனி. தொழிற்சங்க மண்டபத்தின் கண்ணாடிகளுக்கு வெளியே நகரமே இல்லாதது போலிருந்தது. ட்ராம் ஓட்டுபவர்கள், ஆசிரியர்கள், தாதிமார், துப்புரவு வேலை செய்பவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர் பேசி முடிக்க மற்றவர் எழும்பினார். எனக்கு அந்தக் குரல்கள் எங்கேயோ தூரத்து வானொலியில் கேட்பது போல மிதந்து வந்தன.

விஷயம் ஓய்வூதியம். புதிய விதி வந்தால், இனி ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாதாமாதம் கிடைப்பது குறைந்துவிடும். ஆளுக்கொரு நாள் வேலையை நிறுத்திப் பயனில்லை, எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துவோம் என்பதுதான் பேச்சு. இந்த நாட்டில் வேலைநிறுத்தத்துக்கும் முன்கூட்டியே கடிதம் எழுதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் குறிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடையடைப்புகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது எப்போதும் சிரிப்பாகவே இருக்கும்.

ஒவ்வொரு பகுதியும் அன்றைக்கு அவசர வேலைக்கு நிற்பவர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு நான்தான் பிரதிநிதி. வேலைநிறுத்தத்தன்று எல்லோரும் கூடும் சதுக்கத்து மேடையில் மூன்று நிமிடம் பேசவும் எனக்கு இடம் கிடைத்திருந்தது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வாரமாகப் பேசிப் பழகியிருந்தேன். அந்தச் சந்தோஷப் புளுகத்திலேயே பட்டியலை எழுதினேன்.

விழுங்க முடியாத நோயாளிகளின் சாப்பாட்டை எங்கள் சமையலறையில் அக்காதான் செய்வார். இரத்த உறவில்லை, இருபது வருடத்துக்கு மேலாக ஒன்றாக வேலை செய்கிறோம். அவித்த கரட்டை மையாக அரைத்து, பதம் பார்த்து, அச்சில் ஊற்றி மறுபடியும் கரட்டாகவே தட்டில் வைப்பார். கொஞ்சம் தண்ணியாகிவிட்டாலும் நோயாளிக்குப் புரையேறிவிடும். ஆகவே யோசிக்காமலே அவரைப் பட்டியலில் போட்டுவிட்டேன். நல்லநாள் பெருநாளென்று லீவு கேட்கும்போதும் நாங்கள் அப்படித்தான். அக்கா வேலைக்கு நிற்பா என்போம்.

பக்கத்தில் இருந்த அக்கா கடதாசியை எட்டிப் பார்த்தார். ஜேர்மன் மொழியில் யாரோ ஆசிரியர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, என்னைக் கேட்டனீரோ?"

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"நான் நிண்டால்தான் சாப்பாடு போகும் எண்டு சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலமும் நிண்டிட்டன். ரெண்டு வருசத்திலை பென்சன். குறையப்போறது என்ரை காசு. அதுக்கு நான் போய் நிக்க வேண்டாமோ?"

நித்திரை முழுக்கக் கலைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அக்காவைத் தவிர அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். என் மூன்று நிமிடத்தைக் களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். மனம் எரிந்தது, பொய் சொல்லக்கூடாது.

வேலைநிறுத்தத்தன்று ட்ராம் இல்லை. நடந்துதான் போனேன். பாலத்தில் நின்றபோது ஆற்றுச் சத்தம் கேட்டது. இத்தனை வருடமாக அதே பாலத்தால் ட்ராமில் போய்வந்தும் அதை நான் கேட்டதே இல்லை. கீழே பனி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நகரம் முழுவதும் இன்னும் எழும்பவில்லை போலத் தோன்றியது. வேலைக்குப் போகிறேன் என்பதையே மறந்து சிறிது நேரம் நின்றேன்.

மத்தியானம் வார்டிலிருந்து தாதி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு வயோதிபர் இரண்டு கரண்டி சாப்பிட்டதோடு தட்டைத் தள்ளிவிட்டாராம். வழக்கமாகச் செய்கிறவர் எங்கே என்று கேட்கிறாராம். அப்படி ஒரு கேள்வி எங்கள் சமையலறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

சிறிது நேரத்தில் அக்கா கூப்பிட்டார். பின்னால் விசிலும் கைதட்டலும் பெரும் இரைச்சல். எல்லோரும் சாப்பிட்டார்களா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் நடந்தே திரும்பி வந்துவிடுவார் என்று பயந்து, எல்லோரும் வழித்துச் சாப்பிட்டார்கள் என்றேன்.

"அப்பிடியோ," என்றார். குரல் விழுந்துவிட்டது. தான் இல்லாமலும் நடக்கிறதா என்ற கவலை அதில் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"இல்லை அக்கா. ஒராள் சாப்பிடேல்லை. உங்களைக் கேட்டவர்."

உடனே இங்கே வர வெளிக்கிட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"வடிவாய்ப் பதம் பாத்து இன்னொருக்கா அரைச்சுக் குடும்," என்றார். "நான் ஸ்ட்ரைக்கிலை நிக்கிறன், நாளைக்கு வருவன் எண்டு அவருக்குச் சொல்லும்."