தைலம் தேய்த்தால் போகாத வலி

எனக்கு நெடுநாளாக மூட்டுகளை வீங்கவைத்து வளைக்கும் முடக்குவாதம். மகள் கல்யாணத்துக்கு ஆரணியில் பட்டுப்புடவை எடுக்கும்போது தோள் வலித்து, நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டியது.

மச்சான் புடவையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "உங்க மூட்டுவலிதானே மாமா? தைலம் தேய்ச்சா போச்சு. கலர் பாத்துகினு இருக்கோம், பேஜார் பண்ணாதீங்க."

எங்கள் வீட்டில் படிக்காத வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. மாதாமாதம் வரும் மருத்துவப்படித் தொகையின் விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஓய்வூதியக்காரனான நானும் மச்சான் சொன்னதை நம்பினேன்.

பக்கத்தில் புடவை பார்த்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா என் வளைந்த விரல்களைக் கவனித்தார். "எங்க வூட்டுக்காரருக்கும் இதாங்க. மூட்டுவலின்னு இருந்துட்டோம், மாரடைப்புல போயிட்டாரு. ஜல்தி எழுந்திருங்க!" அவரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

மாரடைப்புதான். மூட்டை அரிக்கும் அழற்சி இதயக் குழாயையும் கெடுக்கும் என்றார் டாக்டர். மறுநாள் மச்சான் வந்தான், கையில் தைலத்தோடு.

அந்த அம்மா புடவை எடுக்காமலே எழுந்து வந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.